வேறென்று அறிதலும் அயலென்று அஞ்சுதலும்

உடல் வேறு, உயிர் வேறு என்பது ஜினதருமம் நமக்கு அளித்த அறிவுச் செல்வங்களுள் தலையாயது. பன்னிரண்டு அனுப்பிரேட்சைகளுள் ஒன்றாகிய அந்நியத்துவம் இதனையே நாளும் சிந்திக்கச் சொல்கிறது. குந்தகுந்த ஆசாரியரின் சமயசாரம் இதனை விரித்துரைக்கிறது. அவ்வாறிருக்க, நம் பிள்ளையொன்று வந்து, "என் கை என்னுடையதாகத் தோன்றவில்லை, பேசுவது வேறு யாரோ போலிருக்கிறது, நான் தொலைவில் நின்று பார்ப்பது போலிருக்கிறது" என்றால், அதனை ஞானத்தின் தொடக்கமென மகிழ்வதா, நோயெனக் கொள்வதா?

சேலம், நாமக்கல் சமவெளியில் இது வெறும் ஏட்டு வினா அன்று. நாமக்கல், இராசிபுரம் வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் மதிப்பெண்ணுக்குப் பெயர் பெற்றவை. பிளஸ் டூ தேர்வுக்காகவும், 2017 முதல் நீட் தேர்வுக்காகவும் பல மாவட்டத்துப் பிள்ளைகள் அங்குத் தங்கிப் பயில்கின்றனர். உறக்கம் குறைந்து, பெற்றோர் முகம் காணாது, தேர்வச்சத்தோடு கழியும் இளமை எதனையும் தாங்கும் என்று நாம் எண்ணிவிடுகிறோம்.

மேற்சொன்ன நிலையை மருத்துவர் 'டிபர்சனலைசேஷன்' என்பர். பிரெஞ்சு அறிஞர் லுடோவிக் துகா 1898இல் இப்பெயரை உளவியலில் வழங்கினார். கடும் மனச்சுமை, அச்சம், உறக்கமின்மை, போதைப்பொருள் ஆகியன இதனைத் தூண்டும். பெரும்பாலும் பதின்பருவத்தில் தொடங்கும். சிறிது நேரம் தோன்றி மறைவது பலருக்கும் உண்டு. நூற்றுக்கு ஓரிருவருக்கே நீடிக்கும். அவர்கள் 'போலிருக்கிறது' என்றே கூறுவர். உண்மை எது என்னும் தெளிவு அவர்களிடம் அழிவதில்லை. ஆதலின் இது சித்தப்பிரமை அன்று.

பேத விஞ்ஞானமோ முயன்று பெறுவது. இஃது அழையாமல் வந்து பற்றுவது. அது பற்றைக் குறைத்துக் கருணையை வளர்க்கும். இது தாயின் முகத்தைக் கண்டும் அன்பு சுரவாதபடி நெஞ்சை மரத்துப்போகச் செய்யும். அங்கு உடல் அயலாக, அறியும் உயிர் அணுக்கமாகிறது. இங்கு அறிபவனே தனக்கு அயலாகத் தோன்றுகிறான். ஆகவே இதனை வைராக்கியமெனப் போற்றுதலும் தவறு. சோம்பலென்றும் நடிப்பென்றும் கடிதலும் தவறு.

உயிரின் இலக்கணம் உபயோகம், அதாவது அறிதலும் காண்டலும், எனத் தத்துவார்த்த சூத்திரம் வகுத்துள்ளது. "என்னையே இழந்தேன்" என அஞ்சும் பிள்ளையிடம் நாம் கூறத்தக்கது இதுவே: அவ்விழப்பை அறிந்து வருந்துவது யார்? அதுவே நீ. உணர்வு மங்கியிருக்கிறது, உயிர் எங்கும் போய்விடவில்லை.

தத்துவம் மட்டும் போதாது. முதலில் நல்லுறக்கமும் வேளைக்கு உணவும் வேண்டும். கண்ணாடிமுன் நின்று தன்னையே சோதித்துக் கொண்டிருப்பது அச்சத்தைப் பெருக்கும். வெறுங்காலால் மண்ணில் நடத்தல், குளிர்ந்த நீரில் கைகளை நனைத்தல், எதிரிலுள்ள பொருள்களைப் பெயர் சொல்லி எண்ணுதல் ஆகியன மனத்தை நிகழ்காலத்திற்கு மீட்கும். அவ்வேளையில் உபவாசத்தையும் நெடுநேரத் தியானத்தையும் வற்புறுத்தலாகாது. பதினாறு காரண பாவனைகளும் தவத்தைச் சக்திக்கு ஏற்பவே விதித்தன. நிலை நீடிப்பின் மருத்துவரை நாட வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 2022இல் தொடங்கப்பட்ட 14416 என்னும் தொலைபேசி உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். பேச்சுவழிச் சிகிச்சையால் பலர் நலம் பெறுகின்றனர்.

நீரை வடிகட்டிப் பருகி, கண்ணுக்குப் புலனாகா உயிர்களுக்கும் இரங்குபவர் நாம். மதிப்பெண்ணுக்காக நம் பிள்ளையின் உறக்கத்தைப் பறிப்பதும் இம்சையே அன்றோ? விடுதியிலிருந்து பிள்ளை தொலைபேசியில் அழைத்தால், "எத்தனை மதிப்பெண்?" என்பதற்கு முன்பு, "உறங்கினாயா அப்பா? உண்டாயா அம்மா?" என்று கேட்போமாக.