பதினொரு புள்ளிகள்

"தம்பி, உங்ககிட்ட விட்டதுக்கு அப்புறம்தான் இந்தப் புள்ளியெல்லாம் வந்திருக்கு" என்றார் அவர். வெள்ளைக் கார். பானெட் முழுக்க ஊசிமுனை அளவில் ஆரஞ்சுப் புள்ளிகள். முந்தின நாள்தான் எங்கள் ஷெட்டில் வாட்டர் வாஷும் வேக்ஸும் போட்டுக் கொடுத்திருந்தோம்.

கார் டீடெய்லிங் தொழிலில் வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்தப் புகார் வரும். கழுவியும் போகாத அழுக்கு, போன பிறகு "வந்த" அழுக்கு. அவர் சொன்னது தப்பு, ஆனால் பொய் இல்லை. அவர் கண்ணுக்கு அது நேற்றுதான் வந்தது. மேலே தூசி மூடியிருந்தவரை அந்தப் புள்ளிகள் அவருக்கு இல்லவே இல்லை. கழுவினேன், தெரிந்துவிட்டது. இதில் குற்றவாளி நான்தான் என்று ஒருவர் நினைப்பதில் ஒரு நியாயம்கூட இருக்கிறது. வேக்ஸ் போடுமுன் பெயின்ட்டைத் தடவிப் பார்த்து அவரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்க வேண்டும். சனிக்கிழமைக் கூட்டம், செய்யவில்லை.

அவர் வீடு வடசென்னையில் ஒரு ரயில் யார்டுக்குப் பின்னால் இருக்கிறது. ரயில் பிரேக் பிடிக்கும்போது சக்கரத்திலிருந்தும் தண்டவாளத்திலிருந்தும் இரும்புத் தூள் சூடாகத் தெறிக்கும். காற்றில் வந்து காரின் மேல் உட்கார்ந்து, கிளியர் கோட்டில் பதிந்துகொள்ளும். மழையும் பனியும் பட்டால் துரு. நம் காரின் பிரேக் டிஸ்க்கும் இதே வேலையைச் செய்கிறது. பக்கத்துக் கட்டடத்தில் கிரில் கதவை கிரைண்டர் போட்டு அறுத்தாலும் இதேதான்.

அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொடுத்து, "இதுக்குள்ள கைய விட்டுத் தடவிப் பாருங்க சார்" என்றேன். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு கவர் வழியாகத் தெரியும். தடவினார். "உப்புத்தாள் மாதிரி இருக்கே." நாங்கள் தொடாத கதவு இடுக்கிலும் தடவச் சொன்னேன். அங்கேயும் உப்புத்தாள். ஒன்றும் பேசவில்லை, கொஞ்சம் இறங்கி வந்தார்.

காசு வாங்காமல் அயர்ன் ரிமூவர் அடித்தோம். அழுகின முட்டை நாற்றம் அடிக்கும் திரவம் அது. பியூட்டி பார்லரில் முடியைச் சுருட்டுவதற்குப் போடும் மருந்தும் இதே வகை ரசாயனம்தான். இரும்பைத் தொட்டதும் ஊதாவாக மாறும். இரண்டு மூன்று நிமிஷத்தில் வெள்ளை பானெட்டிலிருந்து ஊதா ஊதாவாக வழிந்தது. "என்னப்பா, வண்டி ரத்தம் விடுது" என்றார். பயந்துதான் சொன்னார்.

அடுத்து கிளே. வழுக்குவதற்கு சோப்புத் தண்ணீர் தெளித்து, பிசின் மாதிரியான ஒரு கட்டியால் மெதுவாகத் தேய்த்தால் மிச்சத் துகளைப் பறித்துக்கொண்டு வந்துவிடும். அந்தக் கட்டி கைதவறித் தரையில் விழுந்தால் தூக்கிப் போட வேண்டும். ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் பெயின்ட்டில் கோடு விழும். கட்டி விலை அதிகம், விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. புதிதாகச் சேர்கிற பையன்களில் பாதிப் பேர் ஊதித் துடைத்துவிட்டு மறுபடி தேய்ப்பார்கள். ஒருவன் எப்படிப்பட்டவன் என்பது எனக்கு அந்த இடத்தில் தெரிந்துவிடும்.

எல்லாம் முடிந்தபோது பானெட்டில் பதினொரு புள்ளிகள் மட்டும் போகாமல் நின்றன. இரும்பு போய்விட்டது. அது தோண்டிய குழியும் அதில் ஊறிய கறையும் போகவில்லை.

"காம்பவுண்ட் போட்டுத் தேய்ச்சு எடுத்துடுப்பா. என் வண்டி, என் காசு."

ஒரு காரின் மொத்த பெயின்ட்டும் ஏறக்குறைய ஒரு ஜெராக்ஸ் தாளின் கனம்தான், நூறு மைக்ரான் சுமார். அதில் மேலே இருக்கும் கிளியர் கோட் நாற்பது, ஐம்பது மைக்ரான். வெயிலைத் தாங்குவது அதுதான். மீட்டர் வைத்துப் பார்த்தேன், கூரையைவிட பானெட்டில் குறைவாகக் காட்டியது. எனக்கு முன்னால் யாரோ ஒருவர் ஏற்கெனவே தேய்த்திருக்கிறார். மீட்டர் மொத்தக் கனத்தை மட்டும் சொல்லும், மேல்தோல் எவ்வளவு மிச்சம் என்று சொல்லாது. குழியின் ஆழம்வரை தேய்த்தால் புள்ளி போகும், பானெட் பளபளக்கும், அவரும் சந்தோஷமாகப் போவார். சில கோடைகளுக்குப் பிறகு பாம்பு தோல் உரிப்பது போல உரியலாம். அப்போது அந்தக் கார் அவரிடமே இருக்காது, என்னை யாரும் தேடி வரமாட்டார்கள்.

முடியாது என்றேன். கோபமாகத்தான் போனார்.

எந்த உரிமையில் மறுத்தேன் என்று அன்று ராத்திரி யோசித்தேன். தன் சட்டையை இறுக்கமாகத் தைக்கச் சொல்கிறவரிடம் டெய்லர் மறுப்பதில்லை. அவர் வேறு ஷெட்டுக்குப் போனால் அங்கே அரை மணியில் எடுத்துக் கொடுப்பார்கள். அவர் கணக்கில் நான் வேலை தெரியாதவன், அவன் கைகாரன். நான் காப்பாற்றியதாக நினைக்கும் அந்தப் பத்து மைக்ரானை யாரும் கண்ணால் பார்க்கப் போவதில்லை.

இமானுவேல் காண்ட் 1785-இல் வெளியிட்ட அறவியல் நூலில் ஒரு கடைக்காரர் வருகிறார். விவரம் தெரியாத வாடிக்கையாளரையும் ஏமாற்றாதவர், சின்னப் பிள்ளைகூட அவரிடம் நம்பிச் சாமான் வாங்கலாம். காண்ட் கேட்கிறார்: அவர் நேர்மையாக இருப்பது கடமை என்பதாலா, வியாபாரத்துக்கு லாபம் என்பதாலா? கூகுள் ரிவ்யூ காலத்தில் அந்தக் கடைக்காரருக்கே பதில் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. பானெட் கெட்டால் என் பேர் கெடும் என்ற பயமும் அந்த மறுப்புக்குள் இருந்தது. ஆனால் சரியான சில்லறை வாங்கிப் போகிற பிள்ளைக்குக் கடைக்காரரின் மனசுக்குள் என்ன ஓடியது என்பது எதற்கு? கொஞ்ச நாள் இப்படித்தான் காண்டோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

சண்டை நின்றது ஒரு கறுப்புக் காரை நினைத்தபோது. அது நாலு வருஷத்துக்கு முந்தைய கதை. விற்பனைக்குப் போகிற வண்டி, புரோக்கர் கொண்டுவந்தார். மேலெல்லாம் சிலந்தி வலை மாதிரி கீறல், பறவை எச்சம் அரித்த தடம். "பார்க்க நல்லா இருந்தா போதும்" என்றார். கீறலை அடைக்கிற கிளேஸ் போட்டேன். நாலைந்து வாஷில் கரைந்துவிடும், எனக்குத் தெரியும். வாங்கிய பையன் ஒரு மாதம் கழித்து ஷெட் பேரை விசாரித்துக்கொண்டு வந்தான். முதல் கார், முகத்தில் எழுதியிருந்தது. "அண்ணா, இந்தக் கீறல் முன்னாடியே இருந்துச்சா?"

"எங்கப்பா வாஷ் பண்றே? பக்கெட் துணி போட்டுத் தேய்க்கிறியா?" என்று கேட்டேன்.

ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டேன். அவன் தலையைக் குனிந்து, "ஆமாண்ணா, வீட்லதான் கழுவுறேன்" என்றான். தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவன் என் வாடிக்கையாளர் இல்லை, ரிவ்யூ எழுத மாட்டான், புரோக்கர் திருப்தி. காண்டின் கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுதான், அங்கே என்னிடம் பதில் இருந்தது. வெள்ளைக் காருக்கு நான் முடியாது என்றதில் அந்தப் பையன் எத்தனை பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளுவதை 2011-இல் உயர் நீதிமன்றம் நிறுத்தச் சொன்னது. அதற்குமுன் ராயபுரம் பக்கத்து வீடுகளின் மேல் அந்தத் தூசிதான் படிந்துகொண்டிருந்தது. இன்று அவர் காரில் ஊதாவாக வழிந்த இரும்பு அவர் மொட்டைமாடித் துணியிலும் இருக்கிறது, மூச்சிலும் இருக்கிறது. அதற்கு அவர் யாரிடம் போய்ப் புகார் சொல்வார்? கழுவிக் கொடுத்தவனிடம் சொல்லலாம். அவன் பக்கத்தில் இருக்கிறான், பேரும் போன் நம்பரும் போர்டில் எழுதியிருக்கிறது. என் ஷெட் பையன் சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வருகிறது. மாஸ்க் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். வேர்க்குதுண்ணா என்று கழற்றிவிடுகிறான், நானும் பெரிதாக அதட்டுவதில்லை.

வெள்ளைக் கார்க்காரர் இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். ஏன் வேறெங்கும் கொடுக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது ஒவ்வொரு வாஷுக்குப் பிறகும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பானெட்டில் குனிந்து எண்ணுகிறார். போன வாரம், "பன்னெண்டு இருக்குப்பா" என்றார். நானும் பக்கத்தில் குனிந்து எண்ணினேன். பன்னிரண்டுதான் இருந்தது.