அறிவுரையும் ஆற்றுப்படுத்தலும்

கற்பித்தல் வேறு, ஆற்றுப்படுத்தல் வேறு. நல்லாசிரியர் எவரும் நல்ல ஆற்றுப்படுத்துநர் ஆகிவிடலாம் எனக் கருதுவோர் நம்மில் பலர். இக்கருத்து ஆராயத்தக்கது.

100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற ஆற்றுப்படுத்துநர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோருள் ஒருவரையேனும் அமர்த்த வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் நெறிமுறை வகுத்தது. எனவே, இருபது ஆண்டுகள் பாடம் நடத்திய ஆசிரியர் சிலர் மீண்டும் மாணவராகி இப்பயிற்சியை நாடக்கூடும். இதற்கென தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு ஓராண்டுப் பட்டயப் படிப்பை நடத்தி வருகிறது. அனுபவமுள்ள ஆசிரியர்க்கு அப்பாடங்கள் கடினமல்ல. ஊறிய பழக்கத்தைக் கைவிடுதலே கடினம்.

எது அப்பழக்கம்? என் காலத்து ஆசிரியப் பயிற்சியில் வினாவும் திறனுக்கும் கரும்பலகையில் எழுதும் திறனுக்கும் மதிப்பெண் உண்டு. பேசாமல் கேட்டிருக்கும் திறனுக்கு இல்லை. வகுப்பில் ஆசிரியர் கேட்கும் வினாவுக்கு விடை அவருக்கு முன்பே தெரியும். ஆற்றுப்படுத்துநரின் வினாவுக்கோ விடை குழந்தையிடம் மட்டுமே உள்ளது. மதிப்பெண் குறைந்து கண்கலங்கி நிற்கும் சிறுமியிடம் "இனியேனும் கவனமாகப் படி" என்பது அறிவுரை. "இரவில் உறக்கம் வருகிறதா, அம்மா?" என வினவி, அவள் வாய் திறக்கும்வரை காத்திருப்பது ஆற்றுப்படுத்தல். உளவியல் அறிஞர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் எழுதிய கட்டுரையில் நிபந்தனையற்ற மதிப்பு, பிறர் நிலையை உணர்தல், உள்ளும் புறமும் ஒன்றாதல் ஆகியவற்றை வலியுறுத்தினார். தரம் பிரித்தே பழகியவர்க்கு இவற்றுள் முதலாவதே அரிது.

அறவினா ஒன்றும் இங்கு எழுகிறது. "யாரிடமும் சொல்லாதீர்கள்" எனக் குழந்தை கூறியதைப் பெற்றோரிடம் மறைப்பது பொய்ம்மையாகாதா? சொல்லிவிடுவது நம்பிக்கைத் துரோகமாகாதா? குழந்தையின் அச்சமும் வெட்கமும் ஏமாற்றமும் அக்குழந்தைக்கே உரியவை. அவற்றைக் காப்பது பொய்ம்மையன்று. ஆயின் உயிருக்கோ உடலுக்கோ தீங்கு நேருமிடத்து மௌனம் அறமாகாது. 18 வயது நிரம்பாதோர் மீதான பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம்.

ஆகவே "எதையும் யாரிடமும் சொல்லமாட்டேன்" என வாக்களிப்பதே பிழை. "உனக்கோ பிறர்க்கோ தீங்கு நேருமெனில், உதவக் கூடியவரிடம் மட்டும் சொல்வேன், அதற்கு முன் உன்னிடம் கூறுவேன்" என முதல் நாளே உரைத்தல் வேண்டும். எல்லையை முன்னரே அறிவித்தவர் வாக்குத் தவறியவர் ஆகார். இவ்வாறு உரைத்தபின் சில குழந்தைகள் வாய் திறவாது போகலாம். அவ்விழப்பையும் பொறுத்துக் காத்திருத்தலே இப்பணியின் தவம்.

பள்ளி நிர்வாகிகளும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் நலம். காலையில் விடைத்தாள் திருத்தியவரிடமே மாலையில் மாணவன் மனம் திறப்பானா? பயிற்சி பெற்ற ஆசிரியரை மதிப்பெண் இடும் பணியினின்று விடுவித்தல் நன்று.

பெற்றோர்க்கும் ஒரு சொல். ஆற்றுப்படுத்துநரைக் கண்டு வரும் மகளிடம் "என்ன சொன்னாய்?" எனத் துருவ வேண்டா. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். அவற்றில் வழியறிந்தவர் வழியைக் கூறுகிறார், நடப்பவரோ கேட்டவரே. நம் பிள்ளைகளும் தம் கால்களால் நடக்கட்டும்.