மண்ணுக்குக் கடன்பட்டவர் யார்?

மண்ணைக் கெடுத்தல் தீது என்று நாம் வகுப்பறையிற் சொல்லிக் கொடுக்கிறோம். மாணவரும் எழுதிக்கொள்கின்றனர். அந்த வாக்கியத்தின் எழுவாய் யாதென்று எவரும் கேட்பதில்லை. கற்பிக்கும் நாமும் கேட்டதில்லை. காக்க வேண்டியவர் யார், காத்தபின் அதன் பயனைக் கொள்பவர் யார் என்னும் வினாவை எம்முன் வைத்தவர், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தோட்ட வேலைக்குப் போன ஒரு தாய்.

வலிகாமத்துச் செம்மண்ணில் எட்டுப் பரப்புத் தோட்டம், அஃதாவது அரை ஏக்கர், அக்குடும்பத்தின் சீவனம். காணி அவர்களுடையதன்று, ஆண்டுக் குத்தகை. மூத்த மகன் எம்மிடம் படிக்கிறான். வெங்காயமும் மிளகாயும் மாறி மாறிச் செய்துவந்தார்கள். கடனுக்குப் பசளை, கடனுக்குக் கிருமிநாசினி, விளைந்ததை விற்றுக் கடன் தீர்த்தல்: குடாநாட்டுத் தோட்டக்காரர் பலரின் ஆண்டுக் கணக்கு இதுவே.

இங்கே ஒன்றைச் சற்று விரித்துக் கூறவேண்டும். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடே இறங்கி நிலத்தடியில் தங்குகிறது. அதனையே கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். அதனையே பயிருக்கும் இறைக்கிறோம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். பயிர் உண்டு மிஞ்சியது நைத்திரேற்றாக மாறி, மண்ணில் ஒட்டாமல் நீரோடு கீழே இறங்கும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அஃது இருத்தலாகாதென்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை; முதலிற் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையின் குருதி. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பல இவ்வெல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. வேலி காணியைப் பிரிக்கும், தண்ணீரைப் பிரிக்காது.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளையின் இறக்குமதியை அரசு தடைசெய்தது. நவம்பரில் தடையை நீக்கியது. நல்லதென்று தோன்றும் ஒன்றை ஆயத்தமின்றி ஆணையாகப் பிறப்பித்தால் அதன் பாரம் ஏழையின் முதுகிலேயே விழுமென்பதை அந்த ஆறு மாதத்தில் நாடு கண்டது. தடை நீங்கியதும் அயலவர் பழைய வழிக்குத் திரும்பினர். அக்குடும்பம் திரும்பவில்லை. கொள்கைப் பற்றென்று எவரும் எண்ணவேண்டாம்; ஏறிய விலையிற் பசளை வாங்கக் கையிற் காசு இருக்கவில்லை, அவ்வளவே. பிடிப்புப் பின்னரே உண்டாயிற்று.

புதியது எதனையும் அவர்கள் செய்யவில்லை. பாட்டன் செய்ததையே செய்தார்கள். பூவரசங் குழையும் காவிளாயும் தாழ்த்தினர். பனையோலையை வெட்டிப் புதைத்தனர். மாட்டெருவோடு சருகைச் சேர்த்துக் கூட்டெரு ஆக்கினர். எங்கும் வெங்காயம் என்பதை விட்டுக் கத்தரி, பயிற்றை, மரவள்ளி, கீரை, ஓரத்தில் வாழை எனக் கலந்து நட்டனர். முதலாண்டு விளைச்சல் விழுந்தது. கத்தரிக்காயிற் பாதி புழு. தாயின் காப்பு அடகுக்குப் போயிற்று. இதனை மறைத்துச் சேதனக் கமத்தைப் பாடுவோர் கமக்காரனுக்கு நண்பராகார். மூன்றாம் ஆண்டில் மண் மாறிற்று. கட்டிபட்டுக் கிடந்தது கைபட்டதும் பொலபொலவென உதிர்ந்தது, மண்புழு தென்பட்டது, மூன்று நாளுக்கொருமுறை இறைத்த இடத்தில் ஐந்து நாளுக்கொருமுறை போதுமாயிற்று. வெங்காயத்தில் வந்த பணம் வரவில்லை. ஆயினும் பசளைக் கடன் இல்லை, வீட்டுச் சட்டிக்குக் கறி உண்டு.

அப்பொழுதுதான் காணிக்காரர் வந்து பார்த்தார். மண் நன்றாயிருக்கிறது, ஆகவே வரும் தையிலிருந்து குத்தகை கூடும், இயலாதெனில் வேறொருவர் கேட்கிறார் என்றார். அந்த வேறொருவர் வெங்காயம் செய்பவர். இச்செய்தியைச் சொல்லிவிட்டுத் தாய் எம்மிடம் கேட்டார்: "மாஸ்ரர், நாங்கள் தாட்ட குழையைக் கிண்டி எடுத்துக்கொண்டு போகலாமோ?"

எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை.

காணிக்காரரைக் கொடியவரென்று எழுதிவிட்டால் எமக்கு வேலை எளிது. ஆனால் அவர் ஓய்வூதியமில்லாத முதியவர். அக்குத்தகையே அவருடைய மருந்துச் செலவு. மதிப்புக் கூடிய காணிக்குக் குத்தகையும் கூடும் என்பது சந்தை நியாயம். அம்மதிப்பை உண்டாக்கியது எது? உறுதியா, உழைப்பா? யூரியா இடும் குத்தகைக்காரன் இட்டதை அந்தப் போகத்திலேயே எடுத்துவிடுகிறான். குழை தாழ்ப்பவனோ வருங்காலத்திற்கு இடுகிறான். அவ்வருங்காலம் அவனுக்கு உரியதன்று. இந்த ஏற்பாட்டில் மண்ணைச் சுரண்டுவதே புத்திசாலித்தனமாகிறது. அப்படியிருக்க அவனுக்கு நாம் எந்த முகத்தோடு அறம் போதிக்கிறோம்?

உரியவன் சென்று பாராத நிலம் பிணங்கும் என்ற கருத்தை உழவு அதிகாரத்திற் சொல்லவந்த வள்ளுவர், அவனைக் 'கிழவன்' என்றார். உரிமையுடையவன் என்பது அதன் பொருள். நிலத்திற்குச் செல்பவனும் உரியவனும் ஒருவனே என்று அவர் கொண்டார் போலும். எங்கள் தோட்டங்கள் பலவற்றிலே செல்பவன் ஒருவன், கிழவன் இன்னொருவன். தலைமுறை தலைமுறையாய்ச் சென்றும் கிழவனாக முடியாதபடி சாதி தடுத்த குடும்பங்கள் எத்தனையோ. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகைக்காரனுக்கு ஒரு நிலைபேற்றைக் கொடுக்க முனைந்தது. பெயர் சொல்வதுபோல் அது நெல் வயலுக்கானது, செம்மண் தோட்டத்திற்கன்று.

எமக்கும் சீதனமாக வந்த நான்கு பரப்பு உண்டு. அதனையும் ஆண்டுக் குத்தகைக்கே விட்டிருக்கிறோம். அதில் என்ன இடப்படுகிறதென்று ஒருநாளும் கேட்டதில்லை. காசு நேரத்துக்கு வந்ததா என்பதையே பார்த்தோம். அத்தாய் கேட்ட அன்று மாலை எம் குத்தகைக்காரரை அழைத்து, ஐந்தாண்டுக்கு எழுத்தில் தருகிறோம், குத்தகையைக் கூட்டோம் என்றோம். மகளின் படிப்புக்குக் காணியை விற்க நேர்ந்தால் என்ன செய்வதென்று வீட்டில் கேட்டார்கள். அக்கேள்வியும் நியாயமானதே. குத்தகைக்காரரோ யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். எம்மை அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அக்குடும்பம் இன்னும் காணிக்காரருக்கு முடிவு சொல்லவில்லை. சென்ற கிழமை நாம் போனபோது தகப்பன் வேலியோரத்தில் சீமைக்கிளுவைத் தடிகளை ஊன்றிக்கொண்டிருந்தார். அவை தழைத்துக் குழை வெட்டும் பதத்திற்கு வர ஓராண்டேனும் செல்லும். தைக்கு இன்னும் மூன்று மாதமே இருக்கிறது.