ஆஃப் சீசன் நியாயங்கள்

"நவம்பர், டிசம்பர்ல போங்க. கூட்டமே இருக்காது, டிக்கெட்டும் மலிவு." மத்தியதரைக் கடல் குரூஸ் போய்வந்தவர்களிடம் விசாரித்தால் முதலில் வரும் அறிவுரை இதுதான். இப்போது கூடவே ஒரு நியாயமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஆஃப் சீசனில் போனால் ஊர்க்காரர்களுக்குத் தொந்தரவு கிடையாது, குளிர்காலத்தில் அவர்களுக்கும் நாலு காசு கிடைக்கும் என்கிறார்கள். பர்ஸுக்கும் மனசாட்சிக்கும் ஒரே நேரத்தில் தள்ளுபடி என்றால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரத்தான் செய்கிறது.

கோடையில் நடப்பதை நியாயப்படுத்த ஆளில்லை. வெனிஸின் பழைய நகரத்தில் 1950களின் தொடக்கத்தில் 1,70,000 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். இன்று 50,000கூட இல்லை. 2021 ஆகஸ்டிலிருந்து பெரிய கப்பல்கள் சான் மார்கோ சதுக்கத்தின் முன்னால் வர முடியாது. 2024 ஜூலையில் பார்சிலோனாவில் போராட்டக்காரர்கள், சாப்பிட்டுக்கொண்டிருந்த சுற்றுலாப் பயணிகள்மேல் பொம்மைத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சினார்கள். வீடியோவில் பார்க்கச் சிரிப்பாக இருக்கும். வாடகை ஏறிப்போய்ப் பிறந்த தெருவைக் காலி செய்பவருக்கு அது சிரிப்பில்லை.

சாண்டோரினியில் இறங்கும் ஒவ்வொரு குரூஸ் பயணிக்கும் 2025 ஜூலை முதல் கிரீஸ் வரி போடுகிறது. உச்ச சீசனில் 20 யூரோ, குளிர்காலத்தில் 4. உன் வருகையின் பாரம் குளிர்காலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

ஆனால் பாரத்தைத் தலைக்கணக்கில் மட்டும் அளக்க முடியுமா? குளிர்காலத்தில் அந்தத் தீவில் பெரும்பாலான ஓட்டல்கள் மூடிக் கிடக்கும். சீசன் வேலைக்கு வந்தவர்கள் ஊர் திரும்பியிருப்பார்கள். சுவருக்கு வெள்ளையடிப்பு நடக்கும். கல்யாண வீட்டில் கூட்டம் கலைந்து, வீட்டுக்காரர் அப்பாடா என்று காலை நீட்டி உட்காரும் நேரத்தில் போய், "கூட்ட நேரத்துல வந்து நெருக்கடி குடுக்க வேணாம்னுதான் இப்ப வந்தேன்" என்று சொல்வதைப் போன்றது நம் வாதம். அவர் வாங்க என்றுதான் சொல்வார். ஜனவரியிலும் கடை வாடகை கட்ட வேண்டியவர் மனதார வரவேற்கவும் கூடும். இரண்டுமே உண்மை என்பதுதான் சிக்கல்.

அந்தக் கடைக்காரருக்காகத்தான் போகிறோம் என்றால் குரூஸ் எதற்கு? மூன்று வேளைச் சாப்பாடும் படுக்கையும் கப்பலில். கரையில் சில மணி நேரம். சின்ன விடுதியில் நான்கு நாள் தங்குபவர் செய்யும் வாதத்தைக் கப்பல் பயணி கடன் வாங்கிப் பேசுகிறார். அதோடு, ஆஃப் சீசனில் டிக்கெட் மலிவாவதே கப்பலை நிரப்பத்தான். துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் குறையலாம். வரும் ஒரு கப்பல் மூவாயிரம் பேரை இறக்கிவிட்டால், திறந்திருக்கும் ஏழெட்டுக் கடைகளுக்கு அன்றைக்கு ஆகஸ்ட் மாதம்தான்.

காண்ட் என்றால் இன்னும் நேராகக் கேட்டிருப்பார்: எல்லோரும் இதையே செய்தால்? எல்லோரும் ஆஃப் சீசனில் போனால் ஆஃப் சீசன் என்று ஒன்று இருக்காது. மற்றவர்கள் ஆகஸ்டில் போய்க்கொண்டே இருந்தால்தான் என் நவம்பர் நல்ல நவம்பர். அவர்கள் நெரிசலில் நிற்பதால் கிடைக்கும் சலுகையை என் ஒழுக்கம் என்று எப்படிச் சொல்லிக்கொள்வது? கெட்டிக்காரத்தனம் என்று சொன்னால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இதிலெல்லாம் வராத ஆட்கள் கப்பலுக்குள் இருக்கிறார்கள். படுக்கை மாற்றும், தட்டுக் கழுவும் பிலிப்பினோக்கள், இந்தோனேசியர்கள், இந்தியர்கள். பலருக்கும் ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தம். சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அவர்களுக்கு உறுதி செய்யும் ஓய்வு, வாரத்தின் 168 மணி நேரத்தில் தூக்கத்தையும் சேர்த்து 77 மணி நேரம். நவம்பரிலும் அதே 77 தான்.