உரிமை கேட்டவர், கூலி கொடுத்தவர்

அநியாயத்தை எதிர்க்கும் துணிவு பலருக்கு உண்டு. அந்த அநியாயத்தால் தனக்கே லாபம் என்னும்போது அந்தத் துணிவு எத்தனை பேருக்கு மிஞ்சும்?

ஆஸ்திரேலியாவின் பல்லாரட் தங்க வயலில் மண் தோண்டியவர், அயர்லாந்தில் பிறந்த பீட்டர் லாலர். தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உரிமக் கட்டணம் கட்டியாக வேண்டும். வாக்குரிமை மட்டும் கிடையாது. எதிர்த்து நின்ற சுரங்கத் தொழிலாளர்களுக்கு அவரே தலைவர். 1854 டிசம்பர் 3 விடியலில், அவர்கள் எழுப்பிய யுரேகா அரணுக்குள் அரசுப் படை புகுந்தது. குண்டடிபட்ட லாலர் இடக்கையை இழந்தார். அவரைப் பிடித்துத் தந்தால் 200 பவுண்டு என்றது அரசு. மறு ஆண்டே விக்டோரியாவின் சட்டமியற்றும் அவையில் உறுப்பினர், பிற்காலத்தில் சபாநாயகர். கை கொடுத்துப் பெற்ற பதவி அது, வணக்கத்துக்குரியது.

ஆனால் 1873இல் குளூன்ஸ் ஊரில் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அந்தச் சுரங்க நிறுவனத்தின் இயக்குநர்களில் லாலரும் ஒருவர். போராட்டத்தை முறியடிக்க நிர்வாகம் சீனத் தொழிலாளர்களைப் போலீஸ் காவலுடன் வண்டிகளில் அனுப்பியது. ஊர் திரண்டு சாலையை மறித்தது. கல் விழுந்தது இயக்குநர்கள் மேல் அல்ல, பிழைப்புக்கு வந்த சீனர்கள் மேல்.