கொடுப்பவர் விசாரிக்கலாமா?

சங்கரன்கோவில் ஆடித்தபசு அன்று, சுற்றுப்பட்டி விவசாயிகள் தங்கள் நிலத்தில் விளைந்த பருத்தி, மிளகாய் வத்தல் போன்றவற்றைக் கோமதி அம்மனுக்குச் சூறை விடுவார்கள். கீழே விழுவதை யார் பொறுக்குகிறார்கள் என்று வீசியவர் பார்ப்பதில்லை.

அதே கையில் இருக்கும் செல்போனுக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது. அன்னதானத்துக்கு உதவி கேட்டிருக்கிறார்கள். கீழே ஒரு கியூஆர் கோடு. இங்கேயும் கேள்வி கேட்காமல் கொடுப்பதுதான் தர்மமா?

திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரைக் காட்டி ஆம் என்பவர்கள் உண்டு. சிவனடியார் வேடத்தில், ஏட்டுக்கட்டுக்குள் கத்தியை மறைத்து வந்த பகைவன் முத்தநாதனை அவர் வணங்கினார். குத்துப்பட்ட பிறகும் அவனைப் பத்திரமாக ஊர் எல்லை கடத்திவிடச் சொன்னார். ஆனால் அவர் பணயம் வைத்தது தன் உயிரை. போலி வேண்டுகோளுக்குப் போகும் ஐநூறு ரூபாயிலோ, பசித்த யாருக்கோ போயிருக்க வேண்டிய பங்கும் சேர்ந்தே போகிறது. கீதையின் 17-ஆம் அத்தியாயமும் இடம், காலம், பாத்திரம் பார்த்துக் கொடுப்பதையே சாத்விக தானம் என்கிறது.

முத்தநாதன்களுக்கு இன்று துயரமும் பக்தியும்தான் வேடம். 2004 டிசம்பர் 26 சுனாமி நாகப்பட்டினத்தைச் சூறையாடிய சில வாரங்களில், மெர்சி கார்ப்ஸ் என்ற நிவாரண அமைப்பின் பெயரில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட போலி மின்னஞ்சல்களை அனுப்பியதாக அமெரிக்காவில் ஒருவர் கைதானார். 2020 மார்ச்சில் பி.எம். கேர்ஸ் நிதி அறிவிக்கப்பட்டதுமே, அதன் யுபிஐ முகவரியில் ஓர் எழுத்தை மட்டும் விட்டுவிட்டு ஒரு போலி முளைத்தது. அயோத்தி ராமர் கோயில் திறப்புக்கு முன்பும் போலி கியூஆர் கோடுகள் சுற்றின. விசுவ இந்து பரிஷத்தே எச்சரிக்க வேண்டியிருந்தது.

சூறையைப் பொறுக்குகிறவர் தகுதியற்றவராகவே இருக்கலாம். ஆனால் அவர் வேறொருவர் பெயரைச் சொல்லி வாங்குவதில்லை. மோசடி அந்தப் பெயரில்தான் இருக்கிறது. ஆகவே ஏழையின் ஏழ்மையைத் துருவ வேண்டியதில்லை. நடுவில் நின்று வசூலிப்பவரை விசாரித்தால் போதும்.

அதற்கு அதிக நேரமும் ஆகாது. மின்னஞ்சலில் வந்த லிங்க்கைத் தொடாமல், அமைப்பின் இணைய முகவரியைத் தானே தட்டிப் பார்க்கலாம். நன்கொடைக்கு வரிச்சலுகை தரும் 80ஜி பதிவு உண்டா என்பதை வருமான வரித்துறைத் தளத்தில் சரிபார்க்கலாம். யுபிஐ திரையில் அறக்கட்டளைக்குப் பதில் தனிநபர் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். ‘இன்றே, இப்போதே’ என்ற அவசரமும் ஓர் அடையாளம்.

பணம் போன பிறகு தெரியவந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்; கை மாறுவதற்குள் வங்கி அதை முடக்கிவைக்க வாய்ப்புண்டு. ‘போனது புண்ணியக் கணக்கில் சேரட்டும்’ என்று புகார் கொடுக்காமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். முடக்கப்படாத அந்த வங்கிக் கணக்குக்குத்தான் அடுத்தவர் பணமும் போகிறது.