பலர் கலந்த கழிவு யாருடைய குற்றம்?

பலர் தனித்தனியே சிறிதளவு செய்து, மொத்தத்தில் பெருங்கேடாய் முடியும் செயலுக்கு யார் பொறுப்பு? அறவியலில் நெடுநாளாகத் தீராத இந்தக் கேள்விக்குப் பாலாற்றங்கரைத் தோல் தொழிலும், அத்தொழிலினர் அமைத்த சங்கங்களும் கண்முன் நிற்கும் உதாரணம்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஷாப்புகள் (தோல் பதனிடும் ஆலைகள்) ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையால் பதனிட்ட அரைப்பதத் தோலையே பெரும்பாலும் வெளிநாட்டுக்கு அனுப்பின. சீதாராமையா குழு 1972இல் அளித்த பரிந்துரைக்குப்பின் அந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. முழுப்பதத் தோல் பெருகியது. குரோமியப் பதனிடலும் பெருகியது. தோல் வணிகர் சங்கம் என்றால் விலை, தரம், ஏற்றுமதி பற்றிப் பேசும் அமைப்பு என்றிருந்த நிலையும் மாறத் தொடங்கியது. கழிவைச் சுத்திகரிக்க வேண்டிய தேவை எழுந்தது, ஆனால் சிறிய ஷாப்புகளால் தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் கட்ட இயலாது. ஆகவே ஊருக்கு ஊர் தோல் ஷாப்பு முதலாளிகள் பங்குதாரர்களாகச் சேர்ந்து நிறுவனம் அமைத்து, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை எழுப்பினர். வாணிடெக், ராணிடெக் போன்றவை அப்படிப் பிறந்தவை. தொழில் நலனைக் காக்கக் கூடியவர்கள், தங்கள் கழிவுக்கும் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டிய நிலைக்கு வந்தனர்.

அந்தப் பொறுப்பு எத்தகையது? 1948இல் எச்.டி. லூயிஸ் என்ற தத்துவவாதி கூட்டுப் பொறுப்பு என்ற கருத்தையே மறுத்தார். குற்றம் தனிமனிதருடையது, ஒருவர் செய்ததற்கு இன்னொருவரைப் பழிப்பது அநீதி என்பது அவர் வாதம். தோல் ஷாப்புக்காரர் ஒருவர் இதையே வேறுவிதமாகச் சொல்ல முடியும்: என் ஷாப்புத் தண்ணீரால் மட்டும் எந்தக் கிணறும் கெடவில்லை. மற்றொரு தத்துவவாதியான டெரக் பார்ஃபிட் 1984இல் வெளியிட்ட நூலில் இதற்கு வலுவான மறுமொழி இருக்கிறது. ஆயிரம் பேர் ஆளுக்கொரு பொத்தானை அழுத்துகிறார்கள். ஒவ்வொரு அழுத்தமும் பலரின் வலியை அவர்கள் உணராத அளவே கூட்டுகிறது. முடிவில் அந்த வலி தாங்கமுடியாததாகிறது. தனித்தனியே தீங்கு புலப்படாவிட்டாலும், சேர்ந்து தீங்கு விளைக்கும் செயல்களில் ஒன்று என்பதாலேயே ஒரு செயல் தவறாகலாம் என்றார் பார்ஃபிட். தோல் கழிவால் உப்பேறிய கிணற்றுக்கு இந்த வாதம் அப்படியே பொருந்தும்.

ஷாப்பு முதலாளிகளில் பலர் முஸ்லிம்கள். அவர்கள் மார்க்கச் சட்டத்திலும் இதையொட்டிய ஒரு கருத்து உண்டு. ஃபர்ளு கிஃபாயா என்பது சமூகம் முழுவதன்மேலும் விழும் கடமை. எடுத்துக்காட்டாக, இறந்தவருக்கான ஜனாஸா தொழுகையைச் சிலர் நிறைவேற்றினால் மற்றவர் கடமை நீங்கும். யாரும் நிறைவேற்றாவிட்டால் அனைவரும் பாவிகள். கூட்டுக்கும் தனிமனிதருக்கும் இவ்வளவு தெளிவாக முடிச்சுப்போடும் சிந்தனை அரிது. ஆனால் சுத்திகரிப்பு முழுக்க இந்த வகையில் அடங்காது. இருபது பேர் ஒழுங்காக நடப்பதால், இரவில் கழிவை ஓடையில் திறந்துவிடும் இருபத்தோராவது ஆளின் கடமை நீங்கிவிடாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஓர் ஆபத்தும் உண்டு: எல்லார் கழிவும் கலந்தபின் யார் என்ன விட்டார் என்று பிரித்துக் காட்டுவது கடினம்.

உப்பின் கதை இன்னும் சிக்கலானது. குரோமியத்தை மீட்டு மறுபடி பயன்படுத்தலாம். தோல் அழுகாமலிருக்கத் தடவிய உப்போ ஊறல் தண்ணீரில் கரைந்து வருகிறது. வழக்கமான உயிரியல் சுத்திகரிப்பு அதை நீக்காது. எதிர்ச் சவ்வூடு பரவலும் ஆவியாக்கலும் சேர்ந்தபின் தண்ணீர் பிரிந்தது, உப்பு நிலைய வளாகத்திலேயே குவிந்தது. அந்த உப்பைத் தடவியவர் பெரும்பாலும் ஷாப்புக்காரர் அல்லர், தோலை வாங்கி அனுப்பிய வியாபாரி. இங்கே பொறுப்பு சங்கத்தின் எல்லையையும் தாண்டுகிறது.

தோல் கழிவு குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் கூட்டுப் பொறுப்பு, தனிப் பொறுப்பு என்ற இரு வழிகளையும் கையாண்டது. ஐந்து மாவட்டத் தோல் ஷாப்புகள் அனைத்துக்கும் பாகுபாடின்றித் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. இழப்பீட்டைக் கணக்கிட்டு மாசுபடுத்தியவரிடம் வசூலிக்கத் தனி ஆணையம் அமைக்கச் சொன்னது. முதலாவது கூட்டுக் குற்றத்தை ஏற்றது, இரண்டாவது தனிப் பொறுப்பைத் தேடியது. தொழிலுக்குள் ஒழுங்காக நடந்தவருக்கு முதலாவது கசந்திருக்கும். ஆயினும் தனிப் பொறுப்பை மட்டுமே தேடியிருந்தால் நிலம் இழந்த விவசாயி ஆதாரம் தேடியே ஓய்ந்திருப்பார். 2025 ஜனவரி 30இல் அதே நீதிமன்றம், இன்னும் கிடைக்காதவர்களுக்கு அரசே இழப்பீட்டைக் கொடுத்துப் பின்னர் மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்றது. ஒருமுறை பணம் கட்டுவதோடு பொறுப்பு தீராது, கெட்ட சூழல் மீளும்வரை அது தொடரும் என்றும் அத்தீர்ப்பு கூறியது.